கல் நகரவில்லை, பேஸ்தான் நகர்ந்தது

"தம்பி, போன மாசம் நீங்கதானே இந்தக் கல்லைக் காட்டினீங்க? இப்ப எதுக்கு எங்க வயலுக்குள்ள வந்து நிக்கிறீங்க?"

கேட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பட்டீஸ்வரம் பக்கம் ஒரு நஞ்சை நிலம். அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டது. நான் ரோவர் (வயலில் கையோடு கொண்டுபோய் இடத்தை அளக்கும் செயற்கைக்கோள் ரிசீவர்) பொருத்திய கம்பத்தைப் பிடித்தபடி, செல்போன் திரையில் அம்புக்குறி காட்டிய இடத்தில் நிற்கிறேன். போன மாதம் நாங்களே குறித்து நட்டுக் கொடுத்த கல், எனக்கு மேற்கே ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, வரப்போரமாக இருக்கிறது. திரையில் பச்சை. ஃபிக்ஸ், அதாவது இடம் உறுதியாகப் பிடிபட்டுவிட்டது என்கிறது. துல்லியம் 14 மில்லிமீட்டர் என்கிறது.

உதவிக்கு வரும் பையன் காதோரம் வந்து, "அண்ணே, ஃபிக்ஸ்தான் காட்டுது. அப்ப கல்லைத்தான் யாரோ நகத்தியிருக்கணும்" என்றான். அதை அவன் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

நல்ல வேளை, வண்டியில் டேப் இருந்தது. அந்தக் கல்லிலிருந்து வாய்க்கால் ஓரக் கல்லுக்கு இழுத்துப் பார்த்தோம். போன மாதக் குறிப்பில் 41.36 மீட்டர். டேப்பில் 41.37. மூன்றாவது கல்லுக்கும் அப்படியே ஒத்துப்போனது. மூன்று கற்களும் நட்ட இடத்தில்தான் இருந்தன. நகர்ந்தது கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் ரிசீவர், அதாவது பேஸ். அதன் ஆன்டெனா இம்மியும் அசையவில்லை. நான் இந்த இடத்தில் இருக்கிறேன் என்று அது வெளியே சொல்லிக்கொண்டிருந்த விலாசம் மட்டும் மாறிவிட்டது.

இப்போது ட்ரோன் ஓட்டுபவர்கள், தனியார் சர்வேயர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள் என்று பலரும் சொந்தமாக பேஸ் வைத்து இணையம் வழியாகத் திருத்தத் தரவு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். எப்படி இணைப்பது என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. இணைந்த பிறகு அதில் போவது சரியான தரவுதானா என்று எப்படிப் பார்ப்பது? அதைச் சொல்பவர்கள் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பேஸை முக்காலியில் வைத்து வயலுக்கே கொண்டுபோவோம். ரேடியோ வழியாக ரோவருக்குத் திருத்தம் போகும். பேஸுக்குக் காவலாக ஓர் ஆள் நாள் முழுக்க வெயிலில் உட்கார வேண்டும். ஆடு முட்டினாலும் காற்றடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. திருத்தத்தை இணையம் வழியாக அனுப்பும் என்ட்ரிப் என்ற முறை வந்தபின் பேஸ் வீட்டிலேயே இருக்கிறது, ரோவர் மட்டும் வயலுக்கு வருகிறது. நடுவில் இணையம்.

செயற்கைக்கோள் சிக்னல் தனியாக வந்தால் நம் இடத்தை ஒன்றிரண்டு மீட்டர் பிசகோடுதான் சொல்லும். வானத்தில் அயனி மண்டலம், செயற்கைக்கோளின் கடிகாரம், அதன் பாதை எல்லாவற்றிலும் சின்னச் சின்னப் பிழைகள். இடம் தெரிந்த ஒரு பேஸும் இடம் தெரியாத ஒரு ரோவரும் ஒரே நேரத்தில் அதே கோள்களைப் பார்த்தால், இரண்டுக்கும் பொதுவான பிழை கழிந்துவிடும். அதற்கு மேல் சிக்னலின் அலையையே எண்ணத் தொடங்கினால் (எல்1 அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர்) சென்டிமீட்டர் கணக்குக்கு வந்துவிடலாம். அந்த எண்ணிக்கை முழு எண்ணாகப் பிடிபட்டால் ஃபிக்ஸ். பிடிபடாமல் தத்தளித்தால் ஃப்ளோட். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: ரோவர் கண்டுபிடிப்பது பேஸிலிருந்து தான் எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதை மட்டுமே. பேஸ் இருக்கும் இடத்தை அது பேஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. பேஸ் தப்பாகச் சொன்னாலும் ரோவர் அப்படியே நம்பும், பச்சையும் காட்டும். வயலில் நான் பார்த்த 14 மில்லிமீட்டர் பொய்யில்லை. பேஸிலிருந்து அளந்த தூரத்துக்கு அது உண்மையான துல்லியம்தான்.

என்ட்ரிப்பை உருவாக்கியவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஜெர்மனியின் மத்திய நில அளவை அமைப்பான பிகேஜி. டோர்ட்முண்ட் பல்கலைக்கழகமும் உடன் சேர்ந்து செய்தது. 2004-இல், திருத்தத் தரவின் வடிவத்தை வகுக்கும் ஆர்டிசிஎம் அமைப்பு இதைத் தரமாக வெளியிட்டது. இணைய வானொலிக்கு எழுதிய மென்பொருளைத்தான் இதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வானொலிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும். நடுவில் நிற்கும் கேஸ்டர்தான் வானொலி நிலையம். ஒவ்வொரு பேஸும் அதில் ஓர் அலைவரிசை, அதன் பெயர் மவுண்ட் பாயின்ட். ரோவர் என்பது வயலில் அந்த அலைவரிசையைக் கேட்பவர்.

பெயர்களில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். என்ட்ரிப் சர்வர் என்றால் நடுவில் இருக்கும் பெரிய கணினி என்று நினைப்போம். அப்படி இல்லை. பேஸ் பக்கத்திலிருந்து கேஸ்டருக்குத் தரவைத் தள்ளிவிடும் மென்பொருளுக்குத்தான் சர்வர் என்று பெயர். வயலில் வாங்கிக்கொள்வது கிளையன்ட். நான் முதல் நாள் பேஸ் பக்கம் கிளையன்ட் என்று அமைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் இருப்பது யு-பிளாக்ஸ் எஃப்9பி ரிசீவர். அதோடு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. அதில் ஓடுவது ஆர்டிகேலிப். டோக்கியோவைச் சேர்ந்த டொமோஜி டகாசு எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் தொகுப்பு அது. உலகம் முழுக்க இந்தத் துறையில் கை வைக்கும் யாரும் ஏதோ ஒரு நாள் அவருக்கு நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் எஸ்டிஆர்2எஸ்டிஆர் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. விண்டோஸில் வேண்டும் என்பவர்களுக்கு அதே வேலையைப் பொத்தான்களோடு செய்யும் எஸ்டிஆர்எஸ்விஆர் உண்டு.

ஆன்டெனா வைக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். எங்கள் மாடியில் தண்ணீர் டேங்கும் தகரக் கொட்டகையும் இருக்கின்றன. முதலில் டேங்கை ஒட்டி வைத்தேன், ஒயர் குறைவாகத் தேவைப்படும் என்று. டேங்கின் பக்கவாட்டில் பட்டுத் திரும்பும் சிக்னல் நேராக வரும் சிக்னலோடு கலந்து, சில நேரம் ஃபிக்ஸ் வர நிமிடக்கணக்கில் ஆனது. பிறகு கைப்பிடிச் சுவரின் தூணில் ஜிஐ பைப்பை நட்டு, சிமென்ட் போட்டு, கொட்டகைக் கூரையை விட உயரமாக ஏற்றினேன். வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. பைப் ஆடக் கூடாது, அவ்வளவுதான். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அதில் கட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது இணைப்பு. கேஸ்டரின் விலாசம், போர்ட் 2101, மவுண்ட் பாயின்ட்டின் பெயர், கடவுச்சொல் என்று நான்கு விவரம். பேஸ் தரவை ஏற்றுவதற்கு ஒரு கடவுச்சொல், ரோவர் இறக்குவதற்கு வேறு பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இவற்றை மாற்றிப் போட்டுவிட்டுக் கேஸ்டர் சரியில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மவுண்ட் பாயின்ட் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். அங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது.

ரோவர் பக்கம் பெயரில் ஓர் எழுத்தைச் சின்ன எழுத்தாகப் போட்டிருந்தேன். இணைப்பு கிடைத்தது. தரவு வருவதாக எண்ணிக்கை ஏறியது. ஃபிக்ஸ் மட்டும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், போனை மாற்றினேன். மாலையில்தான் வந்த தரவை ஒரு கோப்பில் பிடித்துத் திறந்து பார்த்தேன். உள்ளே திருத்தமே இல்லை. வரிவரியாக ஏதேதோ ஊர்ப் பெயர்கள், அட்சரேகை, தீர்க்கரேகை. கேஸ்டரில் இருக்கும் எல்லா அலைவரிசைகளின் பட்டியல் அது, சோர்ஸ் டேபிள். என்ட்ரிப்பின் முதல் பதிப்பில், இல்லாத மவுண்ட் பாயின்ட்டைக் கேட்டால் இல்லை என்று மறுக்கமாட்டார்கள். பட்டியலை நீட்டிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார்கள். என் செயலி மறுபடி இணையும், மறுபடி பட்டியல் வரும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து எத்தனை பைட்டு வந்தது என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. வருவது என்ன என்று பார்க்கிறேன். ஆர்டிசிஎம் மூன்றாம் பதிப்பின் ஒவ்வொரு செய்தியும் 211 என்ற மதிப்புள்ள பைட்டில் தொடங்கும். படிக்க முடிகிற எழுத்தாக வந்தால் அது திருத்தம் இல்லை. இதே காரணத்தால், ரிசீவரிலிருந்து வெளியேறும் அந்த போர்ட்டில் என்எம்இஏ வரிகளை (ரிசீவர் தன் இடத்தை எழுத்தாகச் சொல்லும் வரிகள்) நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் டாலர் குறியோடு தொடங்கும் அந்த வரிகளும் திருத்தத்தோடு கலந்து கேஸ்டருக்குப் போகும்.

என்னென்ன செய்திகள் போக வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 1005, பத்து நொடிக்கு ஒரு முறை: பேஸின் கோஆர்டினேட், அதாவது அது இருக்கும் இடத்தின் எண். நொடிக்கு ஒரு முறை செயற்கைக்கோள் அளவுகள்: ஜிபிஎஸ்ஸுக்கு 1074, ரஷ்யாவின் குளோனாஸுக்கு 1084, ஐரோப்பாவின் கலிலியோவுக்கு 1094, சீனாவின் பெய்டோவுக்கு 1124. குளோனாஸ் வைத்திருந்தால் 1230-ம் வேண்டும், பேஸும் ரோவரும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் கட்டாயம் வேண்டும். 1077, 1087 என்று ஏழில் முடியும் வரிசை இன்னும் நுணுக்கமானது, ஆனால் எடை கூட. எனக்கு நான்கில் முடிவதே போதுமாக இருக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 500 பைட்டு என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேர வேலைக்கு 15 எம்பி கூட ஆகாது. சிம்மில் டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

1005-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? ரோவருக்குச் செயற்கைக்கோள் அளவுகள் எல்லாம் வரும், பேஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஃபிக்ஸுக்குப் போகவே போகாது. இந்தத் தப்பு ஒரு விதத்தில் நல்ல தப்பு. வேலை நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். 1005 வந்து, அதில் இருக்கும் எண் தவறாக இருப்பதுதான் ஆபத்து.

பட்டீஸ்வரத்துக் கதைக்கு வருகிறேன்.

பேஸுக்குக் கோஆர்டினேட் கொடுக்க ரிசீவரில் இரண்டு வழி. ஒன்று சர்வே-இன். ரிசீவரே சில நிமிடம் தன் இடத்தைப் பார்த்து, சராசரி எடுத்து, இதுதான் நான் என்று முடிவு செய்துகொள்ளும். இன்னொன்று ஃபிக்ஸட். நாம் எண்ணைத் தட்டிக் கொடுக்க வேண்டும். சர்வே-இன் கிடைத்ததும் எல்லாமே ஓடத் தொடங்கிவிடும் என்பதால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் அந்தச் சராசரியில் மீட்டர் கணக்கில் பிசகு இருக்கலாம். ஒவ்வொரு முறை பேஸ் அணைந்து எழும்போதும் புதிய சராசரி, புதிய விலாசம். ஒரே நாளில் அளந்த புள்ளிகளுக்குள் தூரம் சரியாக இருக்கும், எல்லாம் சேர்ந்தே நகர்ந்திருப்பதால். நேற்றைய புள்ளியையும் இன்றைய புள்ளியையும் சேர்த்தால்தான் குட்டு உடையும்.

இது எனக்கு முன்பே தெரியும். அதனால் ஒழுங்காகவே செய்தேன். பேஸின் கச்சாத் தரவை 24 மணி நேரம் பதிவு செய்து, ஆர்டிகேலிப்பில் இருக்கும் ஆர்டிகேகான்வ் வழியாக ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பாக மாற்றி, கனடா அரசின் இயற்கை வளத் துறை நடத்தும் பிபிபி சேவைக்கு (பக்கத்தில் வேறு பேஸ் இல்லாமலே ஒரு ரிசீவரின் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தருவது) ஏற்றினேன். யாரும் இலவசமாகக் கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். முடிவு மின்னஞ்சலில் வரும். உடனே கேட்டால் ஒரு பதில் வரும். இரண்டு வாரம் போல் பொறுத்து, கோள்களின் இறுதிப் பாதைக் கணக்கு வெளியான பிறகு கேட்டால் இன்னும் நல்ல பதில். நான் பொறுத்தேன். கிடைத்த எண்ணை ஃபிக்ஸட் முறையில் போட்டேன். அதை வைத்துத்தான் பட்டீஸ்வரத்தில் கல் நட்டோம்.

விட்ட இடம் இதுதான். எஃப்9பியில் ஓர் அமைப்பை மூன்று இடத்தில் எழுதலாம். ராம், பேட்டரி தாங்கும் நினைவகம், ஃபிளாஷ். முதல் நாள் சர்வே-இன் அமைப்பை மூன்றிலும் எழுதி வைத்திருந்தேன். பிறகு ஃபிக்ஸட் எண்ணைக் கொடுத்தபோது ராமில் மட்டும் எழுதியிருக்கிறேன். மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடியது. ஆடிக் காற்றில் ஒரு நாள் இரவு நெடுநேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் கைவிட்டுவிட்டது. விடியற்காலை மின்சாரம் வந்ததும் ரிசீவர் ஃபிளாஷில் இருந்ததை எடுத்துக்கொண்டது. சர்வே-இன். ஐந்து நிமிடத்தில் புதிய விலாசத்தைத் தீர்மானித்து, 1005-இல் போட்டு, அனுப்பத் தொடங்கிவிட்டது. ராஸ்பெர்ரி பை எழுந்தது, நிரல் எழுந்தது, கேஸ்டரில் பேஸ் உயிரோடு இருப்பதாகக் காட்டியது. ஒரு குறையும் இல்லை.

வயலில் நின்றபடியே போனில் பேஸின் 1005 எண்ணைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததோடு ஒப்பிட்டேன். தீர்க்கரேகையில் ஐந்தாவது தசம இடத்திலேயே எண் மாறியிருந்தது. நம் ஊர்ப் பக்கம் அந்த ஐந்தாவது இடத்தில் ஒன்று மாறினாலே சுமார் ஒரு மீட்டர்.

பெரியவரிடம் போய், "ஐயா, கல் சரியா இருக்கு. என் மெஷின்லதான் தப்பு. நாளைக்கு வந்து மறுபடி காட்டுறேன்" என்று சொன்னேன். அவர் மகன்கள் இருவரையும் வரச் சொல்லி அதை இன்னொரு முறை அவர்கள் முன்னால் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் எண்ணை மூன்று இடத்திலும் எழுதி, ரிசீவரின் ஒயரை வேண்டுமென்றே பிடுங்கி, ஒரு மணி நேரம் கழித்துச் சொருகி, 1005 மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் கிளம்பினேன். கம்பத்தின் முனை, கல்லின் தலையில் வெட்டியிருந்த கூட்டல் குறியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வந்து நின்றது. பெரியவர் குனிந்து பார்த்து, "இப்ப சரி" என்றார். நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்றுவதற்கு அரசு சர்வேயர் அளப்பதுதான் செல்லும், எங்கள் அளவு குடும்பத்துக்குள் பேசிக்கொள்ள மட்டுமே என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

கோஆர்டினேட் போடும்போது உயரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இது நம் பக்கத்து ஆட்களுக்கென்றே அமைந்தது. ரிசீவர் கேட்பது கடல் மட்டத்திலிருந்து உயரம் இல்லை. பூமிக்குக் கணக்கில் வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் அந்தக் கணக்கு வடிவத்தை விட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். தமிழ்நாடு அதன் சரிவில் இருக்கிறது. கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 24 மீட்டர். நீள்கோளக் கணக்கில் அதே தரை அறுபது மீட்டருக்கும் மேல் கீழே. அதாவது கழித்தல் குறியோடு வர வேண்டும். பிபிபி முடிவில் அந்தக் கழித்தல் குறியைப் பார்த்துவிட்டுத் தப்பு என்று நினைத்து அழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொருவர் செல்போன் செயலி காட்டிய கடல் மட்ட உயரத்தையே தட்டிவிட்டார். ரோவரும் அதற்கேற்ற உயரத்தைக் காட்ட, பார்க்க இயல்பாக இருந்ததால் வாய்க்கால் மட்டம் எடுக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உயரத்தில் இவ்வளவு பெரிய பிசகு இருந்தால், தூரம் கூடக் கூடக் கிடைமட்ட அளவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேரும்.

எண்ணோடு தேதியையும் எழுதி வையுங்கள். பிபிபி கொடுக்கும் முடிவு, பூமி முழுமைக்கும் பொதுவான ஐடிஆர்எஃப் சட்டகத்தில், அளந்த நாளுக்கு உரியது. இந்திய நிலத்தட்டு அந்தச் சட்டகத்தில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பிபிபி செய்து எண்ணைப் புதுப்பித்தால், பழைய கற்கள் எல்லாம் பத்து சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். நான் முதல் எண்ணையே வைத்திருக்கிறேன். என் பேஸை நம்பி நட்ட கற்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், எனக்கு அதுதான் பெரிது.

இணையப் பக்கம் வருவோம். கேஸ்டரை வீட்டிலேயே ஓட்டலாம் என்று நினைத்தேன். நம் ஊர் மொபைல் இணைப்பிலும் பல ஃபைபர் இணைப்பிலும் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே விலாசத்துக்குப் பின்னால் இருக்கும். வெளியிலிருந்து ரோவர் நம் வீட்டுக் கதவைத் தட்டவே முடியாது. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு இரண்டு நாள் போராடிய பிறகுதான் இது புரிந்தது. பேஸிலிருந்து வெளியே தள்ளும் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியில் ஒரு கேஸ்டர் இருந்தால் போதும். பொதுவில் பயன்படுத்த இலவச கேஸ்டர்கள் உண்டு. மாதச் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன மெய்நிகர் சர்வர் வாங்கி நாமே கேஸ்டர் ஓட்டலாம். பிரான்ஸில் சென்டிபீட் என்று ஒரு கூட்டு வலை, விவசாயிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் தங்கள் பேஸ்களை ஒரே கேஸ்டரில் பகிர்ந்துகொள்கிறார்கள். டெல்டாவில் தாலுகாவுக்கு ஒருவர் அப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இலவச கேஸ்டரில் ஒழுங்கு முக்கியம். இணைப்பு அறுந்தால் நொடிக்கொரு முறை மறுபடி இணையும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். கடவுச்சொல் மாறியது தெரியாமல் அது இரவெல்லாம் தவறான சொல்லோடு தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் என் விலாசத்தையே தடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான். இப்போது மறுமுயற்சிக்கு இடைவெளி முப்பது நொடி. நிரலை, லினக்ஸில் நிரல்களை ஓட்டிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாகப் பதிந்திருக்கிறேன், விழுந்தால் தானே எழும். யுஎஸ்பியில் ரிசீவருக்கு லினக்ஸ் கொடுக்கும் பெயர் சில நேரம் 0 என்றும் சில நேரம் 1 என்றும் மாறும். வரிசை எண்ணை நம்பாமல், ரிசீவரின் அடையாளத்தோடு இருக்கும் நிலையான பாதையைக் கொடுங்கள். எஸ்டிஆர்2எஸ்டிஆர் திரையில் ஓடும் நிலை வரியில் இரண்டு ஆங்கில 'சி' எழுத்து அடுத்தடுத்து இருந்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் இணைந்திருக்கிறது. 'ஈ' வந்தால் கோளாறு, 'டபிள்யூ' வந்தால் காத்திருக்கிறது. பக்கத்தில் தரவின் வேகத்தைக் காட்டும் பிபிஎஸ் எண் பூஜ்ஜியமாக இருந்தால் இணைப்பு இருந்தும் தரவு இல்லை என்று அர்த்தம்.

சொந்த பேஸ் வேண்டாம், சர்வே ஆஃப் இந்தியா நிரந்தரமாக நிறுவியிருக்கும் பேஸ்களின் வலையான கார்ஸைப் பயன்படுத்துகிறேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு அது தனியாருக்கும் திறந்திருக்கிறது. இதுபோன்ற வலைகள் உங்களுக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை பேஸை உருவாக்கிக் கொடுக்கும். அதற்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும். செயலியில் ஜிஜிஏ (ரோவர் தன் இடத்தைச் சொல்லும் என்எம்இஏ வரி) அனுப்பு என்று ஒரு குறி இருக்கும், அதைப் போட வேண்டும். போடாவிட்டால் கடவுச்சொல் சரி, இணைப்பு சரி, ஆனால் ஒரு பைட்டும் வராது. சோர்ஸ் டேபிளில் அந்த மவுண்ட் பாயின்ட்டின் வரியிலேயே ஜிஜிஏ வேண்டுமா வேண்டாமா என்று 1 அல்லது 0 போட்டிருப்பார்கள்.

அப்புறம் மாலை நேரம். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், வேலையை முடித்துவிடலாம் என்று இருட்டிய பிறகும் விளக்கு வைத்துக்கொண்டு அளந்தோம். ஏழரை மணிக்கு மேல் ஃபிக்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது. திருத்தம் நொடி தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. இதில் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை அதற்குத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் குமிழி குமிழியாகக் கலைந்து சிக்னலை நடுங்க வைக்கும். மார்ச் ஏப்ரலிலும், செப்டம்பர் அக்டோபரிலும் கூடுதல். 2024-ஐ ஒட்டி சூரியனின் வீரியம் உச்சத்தில் இருந்ததால் அந்தச் சமயத்தில் இன்னும் தொல்லை. அப்படிப்பட்ட மாலையில் வரும் ஃபிக்ஸை நம்பிக் கல் நடாதீர்கள். காலையில் போய் மறுபடி அளந்து பாருங்கள். பேஸ் பக்கத்தில், ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இருபது முப்பது என்று போனால் சிரமம்.

எங்கள் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் கான்கிரீட்டில் ஒரு எஃகு ஆணி அடித்திருக்கிறேன். அதன் கோஆர்டினேட்டை மூன்று வெவ்வேறு நாளில் எடுத்து எழுதி வைத்திருக்கிறது. வண்டியைக் கிளப்பும் முன் ரோவரை அதன் மேல் ஒரு நிமிடம் நிறுத்தி, கிழக்கு, வடக்கு, உயரம் மூன்றிலும் வித்தியாசத்தை நோட்டில் எழுதுகிறோம். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் கிளம்புவதில்லை. தூரத்து ஊர்களில் கோயில் படிக்கட்டு, மதகுச் சுவர் என்று இதேபோல் இரண்டு மூன்று குறிகள் உண்டு. இப்போதெல்லாம் அந்த நோட்டைப் பையன்தான் எழுதுகிறான். போன வாரம் உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் என்று வந்தது. "அண்ணே, இறங்குங்க" என்றான். பார்த்தால் ரோவர் கம்பத்தின் நீளம் 1.80 என்றிருந்தது 1.84 என்று செயலியில் மாறிக் கிடந்தது. திருத்திக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம்.